உணவைக் கண்டு உருவாகும் நொதியங்கள்: மார்ஜரி ஸ்டீவன்சன் அம்மையாரின் வாழ்வும் பணியும்

எமது கல்லூரி அன்னை நூறாவது அகவையை நிறைவு செய்யும் இவ்வேளையில், இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவிகள் சங்கத்தினர் கேட்டபோது, பெண் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுதுவதே பொருத்தம் என்று நினைத்தோம். மேரி கியூரி அம்மையாரைப் பற்றிப் பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ தடவைகள் பேசியும் கேட்டும் இருக்கிறோம். அவரளவுக்கு எமது பாடசாலைகளில் பேசப்படாதவர், ஆனால் நுண்ணுயிரியல் உலகு நன்கு அறிந்தவர், மார்ஜரி ஸ்டீவன்சன் அம்மையார். 1948 இல் மறைந்த அவரது பெயரில் பிரித்தானியாவின் நுண்ணுயிரியல் சங்கம் இன்றும் பரிசு வழங்கி வருகிறது.

மருத்துவ பீடத்துக்குச் சென்ற எம்மில் பலர், பற்றீரியா ஒன்று இலற்றோசைக் கண்டவுடன் அதைச் சிதைக்கும் நொதியத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை முதலாம் ஆண்டிலேயே மனனம் செய்திருப்போம். மொனோ, ஜாக்கோப் என்ற இரு பிரெஞ்சுப் பெயர்களும் பரீட்சைக்காக எம் நெஞ்சில் பதிந்தவை. அவர்கள் விடை கண்ட கேள்வியை, அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுகூட மேசையில் வைத்துச் சோதித்த பெண்மணியைப் பற்றி அப்போது எமக்கு எவரும் சொல்லவில்லை. அவர் மருத்துவம் படிக்க விரும்பி, பணமில்லாமையால் அது கைகூடாமற் போனவர் என்பதும் பின்னரே தெரிய வந்தது.

கமக்காரரின் மகள்

மார்ஜரி 1885 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் திகதி, இங்கிலாந்தில் கேம்பிறிட்ஜ் நகருக்கு அண்மையிலுள்ள பேர்வெல் என்னும் கிராமத்தில், குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தந்தை ரொபேட் ஸ்டீவன்சன் நிலபுலமுள்ள கமக்காரர். விஞ்ஞானத்தைத் தமது வயலிலே பயன்படுத்திப் பார்ப்பதில் நாட்டமுடைய அவரே மகளுக்கும் அந்த ஆர்வத்தை ஊட்டினார். வீட்டுக்கு வந்து கற்பித்த ஆசிரியை ஒருவரும் பிள்ளையின் திறமையை இனங்கண்டு வளர்த்தார். பன்னிரண்டாவது வயதில் புலமைப்பரிசில் பெற்றுப் பேர்க்கம்ஸ்ரெட் பெண்கள் பாடசாலையிற் சேர்ந்த மார்ஜரி, 1903 இல் கேம்பிறிட்ஜில் பெண்களுக்கென இருந்த நியூன்ஹாம் கல்லூரிக்குச் சென்றார்.

அங்கே அவர் இரசாயனவியல், உடற்றொழிலியல், விலங்கியல் ஆகிய பாடங்களைக் கற்றார். அந்நாளில் பெண்கள் கேம்பிறிட்ஜில் விரிவுரைகளைக் கேட்கலாம், பரீட்சைக்குத் தோற்றலாம், சித்தியும் அடையலாம். ஆனால் பட்டம் மட்டும் கிடையாது. பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் அவர்களுக்கு இடமில்லாததால், நியூன்ஹாம் கல்லூரி தன் மாணவிகளுக்கெனத் தனி ஆய்வுகூடம் வைத்திருந்தது. மார்ஜரி 1906 இல் படிப்பை முடித்தார்.

அடுத்ததாக மருத்துவம் படிக்கவே விரும்பினார். அதற்கான பணம் இருக்கவில்லை. ஆகவே மனையியல் ஆசிரியையாகச் சென்று, முதலில் குளொஸ்ரரிலும் பின்னர் இலண்டனிலும் சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் கற்பித்தார். விஞ்ஞானம் கற்ற ஒரு பெண்ணுக்கு அக்காலத்தில் எளிதாகக் கிடைத்த வேலை அதுதான். ஐந்து ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன.

1911 இல் உயிரிரசாயனவியலாளர் ரொபேட் பிளிமர் அவரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அழைத்தார். அங்கே போசணை பற்றிக் கற்பித்தவாறே ஆய்விலும் ஈடுபட அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட முதல் விடயங்களில் ஒன்று, விலங்குகளின் குடலில் பால்வெல்லமாகிய இலற்றோசைச் சிதைக்கும் நொதியம். பிற்காலத்தில் அவரது துறை முழுவதையும் ஆளப்போகும் வெல்லத்தை அவர் அன்றே தொட்டுவிட்டார் எனலாம். 1913 இல் பெயிற் ஆய்வுப் புலமைப்பரிசிலும் கிடைத்தது.

மறு ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. ஆய்வை நிறுத்திவிட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் இணைந்த அவர், பிரான்சில் மருத்துவமனைச் சமையற்கூடங்களை நடத்தினார். பின்னர் கிரேக்கத்திலுள்ள சலோனிக்காவில் நோயாளருக்கான உணவுப் பொறுப்பை ஏற்றார். வேறு வழியின்றிக் கற்பித்த மனையியல் போர்முனையில் உயிர்காக்க உதவியது. அப்பணிக்காகப் பிரித்தானிய அரசு அவருக்கு விருதுகள் வழங்கியது. போரை அருகிருந்து கண்ட அவர் அதன்பின் வாழ்நாள் முழுவதும் போரை வெறுத்தார். 1930 களில் கேம்பிறிட்ஜ் விஞ்ஞானிகள் அமைத்த போர் எதிர்ப்புக் குழுவுக்கும் துணைநின்றார். போர் என்றால் என்னவென்று அனுபவத்தால் அறிந்த எமக்கு அவரது இந்த நிலைப்பாட்டை விளக்கத் தேவையில்லை.

கழுவிய பற்றீரியாக்கள்

1919 இல் அவர் மீண்டும் கேம்பிறிட்ஜ் வந்தார். விற்றமின் ஆய்வுக்காகப் பின்னாளில், 1929 இல், நோபல் பரிசு பெற்ற பிரெட்றிக் கோலன்ட் ஹொப்கின்ஸ் அங்கே உயிரிரசாயனவியல் துறையின் தலைவராக இருந்தார். பெண்களுக்கு மற்றத் துறைகள் கதவடைத்த காலத்தில் அவரது துறையில் பெண்கள் பலர் ஆய்வு செய்தனர். மார்ஜரி முதலில் விற்றமின்களை ஆராய்ந்து, விரைவில் பற்றீரியாக்களின் பக்கம் திரும்பினார்.

அன்றைய மருத்துவர்களுக்குப் பற்றீரியா என்றால் நோய்க்கிருமி. எந்தக் கிருமி எந்த நோயைத் தருகிறது என்பதே கேள்வி. மார்ஜரி கேட்ட கேள்வி வேறு. இந்தச் சின்னஞ்சிறு கலம் எதை உண்கிறது, உண்டதை எவ்வாறு சிதைக்கிறது, அதிலிருந்து எவ்வாறு சக்தி பெறுகிறது என்று அவர் கேட்டார். எமது உடலில் நடைபெறும் அனுசேபத்தைப் போலவே அதனுள்ளும் ஓர் அனுசேபம் உண்டு என்பது அவரது நம்பிக்கை.

இதை ஆராய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. பற்றீரியாக்கள் வளர்ப்பூடகத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். ஊடகத்திலும் பல பொருட்கள் கலந்திருக்கும். எந்த மாற்றம் எதனால் ஏற்பட்டது என்று பிரித்தறிய முடியாது. இதற்கு மார்கரெட் வெதம், ஜூடா குவாஸ்டல் போன்றோருடன் சேர்ந்து ஹொப்கின்ஸின் துறையில் வளர்த்தெடுத்த முறை மிக எளிமையானது. பற்றீரியாக்களை வளர்த்து, சுழற்றிப் படியவைத்து, உப்புநீரிற் கழுவி எடுப்பார்கள். உணவில்லாததால் அவை பெருகமாட்டா. ஆனால் உயிருடன் இருக்கும். உள்ளிருக்கும் நொதியங்களும் வேலை செய்யும். அவற்றுக்கு ஒரேயொரு சேதனச் சேர்வையைக் கொடுத்து, என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்கலாம். அரிசியைக் களைந்து கல் பொறுக்கிய பின் உலையில் இடுவது போன்ற வேலைதான். இம்முறையின்றிப் பின்வந்த கண்டுபிடிப்புகள் சாத்தியமாகியிரா.

1928 இல் பற்றீரியாக் கலத்திலிருந்து இலற்றிக் அமிலத்தின் மீது தொழிற்படும் நொதியத்தைக் கலத்துக்கு வெளியே பெற்றுக் காட்டினார். 1929 இல் மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் நிரந்தர ஊழியரானார். மறு ஆண்டு வெளிவந்த அவரது பற்றீரியா அனுசேபம் பற்றிய நூல் அத்துறையின் அடிப்படை நூலாகி, 1939 இலும் 1949 இலும் மறுபதிப்புகள் கண்டது.

ஓர் ஆறும் ஒரு கேள்வியும்

கேம்பிறிட்ஜ் பகுதியில் பாயும் ஊஸ் என்னும் ஆறு, பீற் கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் தொழிற்சாலையின் கழிவினால் மாசடைந்திருந்தது. அந்த ஆற்றில் வாழ்ந்த பற்றீரியாக்கள் சேதனக் கழிவுகளைச் சிதைத்து வாயுக்களை வெளியேற்றின. மார்ஜரியும் உடன் உழைத்த லெனாட் ஸ்ரிக்லண்டும் இவற்றை ஆராய்ந்து, 1931 இல் ஐதரசன் வாயுவைக் கையாளும் நொதியம் ஒன்றைக் கண்டு, அதற்கு ஐதரஜனேஸ் என்று பெயரிட்டனர்.

அடுத்து, எமது குடலில் வாழும் கோலி பற்றீரியாவை எடுத்துக்கொண்டனர். அது போமிக் அமிலத்தை ஐதரசனாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிளக்க வல்லது. ஆனால் எல்லா வேளைகளிலும் அல்ல. போமிக் அமிலத்தின் உப்பு சேர்த்த ஊடகத்தில் வளர்ந்த பற்றீரியாக்களிடம் அந்த நொதியம் இருந்தது. அது இல்லாத ஊடகத்தில் வளர்ந்தவற்றிடம் ஏறக்குறைய இல்லை. அதே இனம், அதே பரம்பரை, ஆனால் உணவுக்கேற்ப நொதியம்.

இப்படியான நொதியங்கள் உண்டென்பது முன்னரே ஓரளவு தெரிந்திருந்தது. பின்லாந்தைச் சேர்ந்த கார்ஸ்ட்ரோம் 1930 இல் நொதியங்களை இரு வகையாகப் பிரித்திருந்தார். எப்போதும் இருப்பவை ஒரு வகை. குறித்த உணவு கிடைத்தால் மட்டும் உருவாகும் இசைவாக்க நொதியங்கள் மற்ற வகை. எமது வீட்டுச் சமையலைப் போலத்தான். சோறு நாள்தோறும் வேகும். பலகாரம் சுடத் தெரிந்தவரோ நாள்தோறும் சுடுவதில்லை. வருடப்பிறப்போ கலியாணமோ வந்தால்தான் தாச்சி அடுப்பில் ஏறும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி விடை காணாமல் இருந்தது. புதிய உணவில் வளர்ந்த பற்றீரியாக்களிடம் நொதியம் காணப்பட்டால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கோடிக்கணக்கான கலங்களில் அந்த நொதியத்தை ஏற்கெனவே வைத்திருந்த ஒரு சில மட்டும் பிழைத்துப் பெருகி, மற்றவற்றின் இடத்தைப் பிடித்திருக்கலாம். இது தெரிவு. அல்லது, இருந்த கலங்களே உணவைக் கண்டு நொதியத்தை உருவாக்கியிருக்கலாம். இது இசைவாக்கம். இறுதியிற் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித் தோன்றும். எது உண்மை என்று எவ்வாறு அறிவது?

எண்ணிப் பார்ப்பதே அவர்கள் கண்ட வழி. நொதியம் இல்லாத பற்றீரியாக்களுக்கு, அவை பெருகாத சூழ்நிலையிற் போமிக் அமிலத்தின் உப்பைக் கொடுத்தனர். சில மணி நேரத்தில் நொதியம் தோன்றியது. முன்னும் பின்னும் கலங்களை எண்ணியபோது எண்ணிக்கை கூடியிருக்கவில்லை. பெருக்கமே இல்லாதபோது, ஒரு சிலர் பெருகி மற்றவர்களை மிஞ்சினர் என்று சொல்ல இடமில்லை. இருந்த கலங்களே மாறியிருந்தன. 1933 இல் வெளிவந்த இந்த முடிவு, நொதியம் உருவாவதைப் பரம்பரைத் தெரிவிலிருந்து பிரித்துக் காட்டியது.

பின்னர் மாணவர் ஜோன் யுட்கினுடன் மதுவத்தை ஆராய்ந்தார். கலக்ரோசு என்னும் வெல்லத்தை நொதிக்கச் செய்யும் ஆற்றலும் கலங்கள் பெருகாமலே தோன்றுவதை 1936 இல் இருவரும் காட்டினர். இதே யுட்கின்தான் பிற்காலத்தில் போசணைப் பேராசிரியராகி, அளவுக்கு மிஞ்சிய சீனியின் தீங்கைப் பற்றி 1970 களில் உலகை எச்சரித்தவர். நீரிழிவு நோயாளரை நாள்தோறும் பார்க்கும் எமக்கு, அவர் ஆய்வுப் பயிற்சி பெற்றதும் வெல்லத்தை உண்ணும் மதுவத்திடம்தான் என்பது சுவையான செய்தி.

மற்றொரு மாணவர் ஏர்னெஸ்ட் கேல். அவருடன் 1937 இல் செய்த ஆய்வில், கோலி பற்றீரியாவிடம் குளுக்கோசுக்கான நொதியங்கள் எப்போதும் இருக்கின்றன என்பதும், கலக்ரோசுக்கானவை கலக்ரோசு உள்ள ஊடகத்தில் வளர்ந்தால் மட்டும் உருவாகின்றன என்பதும் தெரிந்தன. ஊடகத்தில் குளுக்கோசு இருந்தால், அமினோ அமிலங்களைச் சிதைக்கும் சில நொதியங்கள் உருவாவது தடைப்படுவதையும் கண்டனர். எளிதான உணவு கையில் இருக்கும்வரை கடினமான உணவுக்கான கருவிகளைச் செய்வதில் பற்றீரியா சக்தியை வீணாக்குவதில்லை.

திறந்த கதவுகள்

1660 இல் தொடங்கிய இலண்டன் றோயல் சங்கம் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஒரு பெண்ணையேனும் அங்கத்தவராகத் தெரிவு செய்யவில்லை. 1902 இல் ஹேர்த்தா அயேட்டன் என்னும் பௌதிகவியலாளரின் பெயர் பிரேரிக்கப்பட்டபோது, அவர் திருமணமான பெண் என்பதே அவரை நிராகரிக்கக் காரணமாயிற்று. 1945 இல்தான் அக்கதவு திறந்தது. பளிங்கியலாளர் கத்லீன் லொன்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீவன்சனும் அவ்வாண்டு ஒன்றாகத் தெரிவாகினர். மார்ஜரிக்கு அப்போது வயது அறுபது.

அதே ஆண்டில் பிரித்தானியாவில் பொது நுண்ணுயிரியல் சங்கம் உருவானது. அதை அமைத்தவர்களுள் மார்ஜரியும் ஒருவர். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் முதலாவது தலைவர். 1947 இல் மார்ஜரி இரண்டாவது தலைவரானார். அவ்வாண்டே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் இரசாயன நுண்ணுயிரியலில் அவருக்கு உயர் விரிவுரையாளர் பதவியை வழங்கியது. பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் முன்வந்தது 1948 இல். அவ்வாண்டு டிசம்பர் 12 ஆம் திகதி மார்ஜரி புற்றுநோயால் காலமானார்.

இறுதிக் காலத்தில் அவர் ஜெனிபர் மொயில் என்னும் இளம் ஆய்வாளருடன் பற்றீரியாவின் நியூக்கிளிக் அமிலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கட்டுரை அவர் மறைந்த பின் 1949 இல் வெளிவந்தது. கலம் நொதியத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்கான விடை அந்த நியூக்கிளிக் அமிலங்களில்தான் இருந்தது. அந்த வாசலில் நின்றபோதே அவரது காலம் முடிந்துவிட்டது.

கேள்விக்குக் கிடைத்த விடை

ஜேர்மனியரின் பிடியில் இருந்த பாரிசில், ஜாக் மொனோ கோலி பற்றீரியாவுக்குக் குளுக்கோசையும் இலற்றோசையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். அது முதலிற் குளுக்கோசை முடித்தது. பின் சிறிது நேரம் வளராமல் நின்றது. அதன்பின் இலற்றோசை உண்டு மீண்டும் வளர்ந்தது. 1941 இல் தமது ஆய்வேட்டில் இதை விபரித்த மொனோ, அந்த இடைவெளியின் இரகசியத்தைத் தேடி இருபது ஆண்டுகள் உழைத்தார். 1961 இல் அவரும் பிரான்சுவா ஜாக்கோபும் வெளியிட்ட விடைக்காக, அவர்களுக்கும் அந்திரே லுவோஃபுக்கும் 1965 இல் நோபல் பரிசு கிடைத்தது.

விடை இதுதான். இலற்றோசைச் சிதைக்கும் நொதியத்துக்கான பரம்பரையலகு பற்றீரியாவின் டி.என்.ஏ.யில் எப்போதும் இருக்கிறது. சாதாரண வேளையில் அடக்கும் புரதம் ஒன்று அதன் முகப்பில் அமர்ந்து, அது வாசிக்கப்படாமல் தடுக்கிறது. இலற்றோசு உள்ளே வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு வெல்லம் அந்தப் புரதத்துடன் இணைய, புரதம் தன் இடத்தை விட்டு விலகுகிறது. பரம்பரையலகு வாசிக்கப்பட, கலத்துக்குச் சில மூலக்கூறுகளே இருந்த நொதியம் ஆயிரக்கணக்காகப் பெருகுகிறது. குளுக்கோசு குறைந்திருந்தால் மற்றொரு புரதம் வந்து வாசிப்பை மேலும் ஊக்குவிக்கிறது.

மார்ஜரி ஆராய்ந்த போமிக் அமில நொதியத்தில் வழி சற்று வேறு. அங்கே தடையை நீக்கும் வேலை இல்லை. போமிக் அமிலத்தை உணரும் புரதம் ஒன்று, அதைக் கண்டதும் நேரடியாகவே பரம்பரையலகுகளை இயக்குகிறது. ஒவ்வொரு சேதனச் சேர்வைக்கும் பற்றீரியா ஒவ்வொரு விதமான ஆளியை வைத்திருக்கிறது.

இவை புத்தகத்தோடு முடிந்துபோன விடயங்கள் அல்ல. மருத்துவமனை விடுதிகளில் நாம் சந்திக்கும் என்ரரோபக்ரர் போன்ற சில பற்றீரியாக்கள், பெனிசிலின் குடும்பத்து மருந்துகளைச் சிதைக்கும் நொதியத்தை இதே விதமாக அடக்கி வைத்திருக்கின்றன. சில மருந்துகளைக் கண்டவுடன் அந்நொதியத்தைப் பெருமளவில் உருவாக்குகின்றன. வேறு சில மருந்துகள் கொடுக்கப்படும்போதோ, ஆளி பழுதடைந்து நொதியத்தை ஓயாமல் உருவாக்கும் ஒரு சில விகாரக் கலங்கள் மட்டும் தப்பிப் பெருகிவிடுகின்றன. இதனால், ஆய்வுகூட அறிக்கையில் மருந்துக்கு அடங்கும் என்று வந்த கிருமி, சிகிச்சையின் நடுவில் அடங்காமற் போவதுண்டு. இருந்த கலங்கள் மாறினவா, ஒரு சில கலங்கள் பெருகினவா என்ற மார்ஜரியின் கேள்வி இன்று நோயாளியின் கட்டிலருகே எம் முன் நிற்கிறது. இரண்டும் நடக்கின்றன என்பதே விடை. எந்த மருந்தைக் கொடுப்பது என்பது இவற்றைப் பிரித்தறிவதிலேயே தங்கியுள்ளது. தேவையின்றி நுண்ணுயிர்க்கொல்லி கேட்டு வாங்க வேண்டாம் என்று நாம் வற்புறுத்துவதற்கும் இதுவே ஒரு காரணம்.

எமக்குள்ள பணி

பற்றீரியாவையும் பாடசாலையையும் ஒப்பிடுவதில் ஓர் எல்லை உண்டு என்பதை அறிவோம். ஆயினும் மார்ஜரியின் கேள்வியைப் பாடசாலையிடமும் கேட்கலாம் என்று தோன்றுகிறது. நல்ல பெறுபேறு பெற்ற மாணவியரைக் காணும்போது, இவர்கள் பிறப்பிலேயே திறமைசாலிகள், எப்படியும் முன்னேறியிருப்பார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அது தெரிவு என்ற விளக்கம். எமது வகுப்பறைகளை நினைத்துப் பார்த்தால் மற்ற விளக்கமும் கண்முன் வருகிறது. கணக்குக்குப் பயந்திருந்த பிள்ளை ஓர் ஆசிரியையின் கையிற் பட்டதும் கணக்கில் முதலாவதாக வந்தாள். மேடையைக் கண்டு நடுங்கியவள் விவாத அணியின் தலைவியானாள். அதே பிள்ளைகள்தான். அவர்களுக்கு வேண்டியது கொடுக்கப்பட்டபோது, உள்ளே இருந்தது வெளிவந்தது.

மார்ஜரி பணமின்றி மருத்துவத்தைக் கைவிட்டார். புலமைப்பரிசிலும், அழைத்த ஒரு கையும், பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு துறையும் இருந்ததால் விஞ்ஞானம் அவரை இழக்கவில்லை. அவருடன் படித்து, சமையல் வகுப்புகளோடு நின்றுவிட்ட மற்றவர்களை நாம் அறியோம். எமது கல்லூரியிலும் வசதியின்மையால் படிப்பை இடைநிறுத்தும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ, எங்கு வாழ்ந்தாலும் பழைய மாணவியராகிய நாம் ஆளுக்கொரு பிள்ளையின் படிப்புக்குக் கைகொடுத்தால், இந்நூற்றாண்டுக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை இல்லை.

எமக்கு வேண்டியதை வேண்டிய வேளையில் தந்த கல்லூரி அன்னையை வணங்கி, அடுத்த நூறு ஆண்டுகளும் அவள் அப்பணியைத் தொடர வாழ்த்துகிறோம்.